ஒரு மண்டபத்துச் சாவி கேட்டு: செட்டிநாட்டு ஊர்ச் சங்கத்தாருக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். நான் கானாடுகாத்தானில் உங்கள் நகரத்தார் (செட்டியார்) வீடுகளைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டுகிறவன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ நீங்கள் காரில் வந்து இறங்கும்போது, எதிர்த் தெருவில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்தான். என் அப்பா உங்கள் வீடுகளில் ஒன்றுக்குக் காவல்காரராக இருந்தார். என் தாத்தா பர்மாவில், மோல்மீனில், வட்டிக்கடை நடந்த உங்கள் கிட்டங்கி ஒன்றில் சமையல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது என் பிழைப்பு, உங்களிடம் அது வேண்டாம். வருஷத்தில் இருபது நாள் மட்டும் திறக்கிற ஊர் மண்டபங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஊருக்கு ஒன்று வேண்டாம், நாலைந்து ஊருக்கு ஒன்றாக ஒரு மண்டபத்தை மாலை ஆறிலிருந்து எட்டு வரை அயல்மொழி வகுப்புக்குத் தாருங்கள். ஒரு வாத்தியாருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம், ஒரு கரும்பலகை, ஓடுகிற மின்விசிறி நாலு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் கட்டுகிற புள்ளி வரியில் ஒரு ரூபாய் கூட்டச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன இடத்தில் வந்த வரவில் தர்மத்துக்கு மகமை என்று ஒதுக்கி வைத்தார்களே, அந்த மாதிரி ஒரு ஒதுக்கல் போதும்.

தாளாளர்களிடம் கேட்க வேண்டியது வேறு. அது கொஞ்சம் கசக்கும், பின்னால் வருகிறேன்.

என் தாத்தாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. பதினாலு வயசில் சமையல் எடுபிடியாகக் கப்பலேறியவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊர் திரும்பியவர். அப்புறம் நாற்பது வருஷம் ஆகியும், காய்கறிக்காரி திண்ணையில் கூடையை இறக்கினால் 'பெலௌலே?' என்றுதான் கேட்பார். பர்மிய மொழியில் 'எவ்வளவு?' என்று அர்த்தம். அவளும் பழகிப்போய், 'கத்திரிக்கா ஒண்ணார் ரூவா பெலௌலே' என்பாள். அவள் அதை ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய் எண்ணும்போது அவர் வாய் 'தித், நித், தௌன், லே, ஙா' என்று முணுமுணுக்கும். ஒன்று இரண்டு மூன்று என்று அவர் எண்ணி நான் கேட்டதே கிடையாது. உங்கள் வீட்டு விசேஷத்தில் இலைக்கு வருகிற கவுனி அரிசி இருக்கிறதே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். ஒட்டும் அரிசிக்குப் பர்மாவில் 'கவுக்ஞின்' என்று பெயர். ஆச்சிமார் வாயில் புரண்டு கவுனி ஆயிற்று என்பார்கள்.

கிட்டங்கியில் மொழிக்கென்று வகுப்பு கிடையாது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கூட்டிப் பெருக்குவான், தபால் கொண்டுபோய்க் கொடுப்பான், வட்டிக் கணக்குப் பழகுவான், பேரேடு எழுதப் பழகுவான். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். இதற்கிடையே சந்தையில் நின்று நின்று அந்த ஊர்ப் பேச்சு காதில் ஏறிவிடும். ஏறாவிட்டால் வசூல் வராது. பர்மிய மொழியில் யாரும் அவனுக்கு மார்க் போடவில்லை. ரங்கூன் போனவனுக்குப் பர்மியம், பினாங்கு போனவனுக்கு மலாய், சைகோன் போனவனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சும் வியட்நாமியமும். தராசும் படிக்கல்லும் போல மொழியும் தொழில் சாமான்களில் ஒன்றாக இருந்தது.

வசூல் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த மொழி வசூலுக்குப் போதுமான அளவோடு நின்றுவிட்டது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வந்த நிலம் சேர்ந்து சேர்ந்து, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் பெயரில் நின்றது. அதைப் பற்றி அந்த ஊர்க்காரன் என்ன பேசிக்கொண்டான் என்பதும் அதே மொழியில்தான் இருந்தது. முகப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் அது விழவில்லை. அடுப்படியில் இருந்த என் தாத்தா காதில் விழுந்தது. அவர் அப்பத்தாவிடம் சொன்னார், அப்பத்தா என்னிடம் சொன்னாள். மொழியைப் பாதியில் நிறுத்தினால் பாதிதான் கேட்கும்.

இப்போது தாளாளர்களுக்கு.

என் மகனை நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சேர்த்தேன். பெயர் வேண்டாம், இது ஒரு பள்ளியின் கதையும் அல்ல. பதினொன்றாம் வகுப்பில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அப்பன் வயிறு கழுவுகிற மொழி மகனுக்குப் புத்தகத்தில் வருகிறதே என்று. ஏன் பிரெஞ்சு என்று கேட்டேன். 'தமிழ்ல மார்க் வாங்குறது கஷ்டம் சார், பிரெஞ்சுல அள்ளிரலாம்' என்றார்கள். அள்ளினான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அந்த விடுமுறையில் வீட்டு வாசலில் என்னைத் தேடி வந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணி அவனைப் பார்த்து 'டூ ஆ கெல் ஆஜ்?' என்று கேட்டார். 'உனக்கு என்ன வயசு?' முதல் வாரத்தில் படிக்கிற கேள்வி. அவன் என் முகத்தைப் பார்த்தான். 'நண்பனுக்குப் பொங்கல் பற்றி ஒரு கடிதம்' என்றால் ஒரு புள்ளி விடாமல் எழுதுவான். ஏனென்றால் அது ஒரே கடிதம், இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்தது. வயசைக் கேட்டால் பேச்சு வரவில்லை. தமிழும் போயிற்று, பிரெஞ்சும் வரவில்லை, தொண்ணூற்றேழு மட்டும் வந்தது.

வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தாளாளர் நினைத்தால் வாரத்துக்கு ஒரு பாட வேளையைப் புத்தகமில்லாத பேச்சு வகுப்பாக மாற்ற முடியும். அதற்கு எந்த வாரியத்திடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நான் பிரெஞ்சு படித்த கதையைச் சொன்னால், ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது புரியும். 1997-ல் புதுச்சேரியில் ஒரு ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனேன். 1889-லிருந்து அந்த ஊரில் அலையன்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. முதலாளி நல்லவர், மாலையில் இரண்டு மணி நேரம் விட்டார். இரண்டு வருஷம் படித்தேன். ஊருக்குத் திரும்பி முதல் குழுவுக்கு வீடு காட்டியபோது, பட்டாலைத் தூண்களைக் காட்டி, வளவைக் காட்டி, சுவரிடம் வந்தேன். நம் வீட்டுச் சுவரின் பெருமை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய பூச்சு. சுண்ணாம்புக்குப் பிரெஞ்சில் 'ஷோ'. பெருமையாக, 'லே மூர் சோன் ஷோ' என்றேன். சுண்ணாம்புச் சுவர் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. ஒரு வயதான அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார், பிறகு கன்னத்தையே வைத்தார். சித்திரை வெயிலில் சுவர் பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. 'மே நோன், மிஸ்யூ, செ ஃப்ரே!' என்றார். இல்லையே ஐயா, குளுகுளுவென்று இருக்கிறதே!

'ஷோ' என்றால் சுண்ணாம்பு, 'ஷோ' என்றால் சூடு. எழுத்தில் வேறு, காதுக்கு ஒன்று. நடுவில் 'ஆன்' என்று ஒரு சின்னச் சொல்லைப் போட்டிருந்தால் 'சுண்ணாம்பால் ஆன சுவர்' என்று ஆகியிருக்கும். அதை விட்டதால் 'சுவரெல்லாம் சுடுகிறது' என்று ஆகிவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே என்னை அதைப் பத்துத் தடவை சொல்லவைத்தார். அன்று படித்த 'ஆன்' இன்றுவரை மறக்கவில்லை. மனப்பாடக் கடிதத்தில் இந்தப் பாடம் கிடைக்காது.

பிரெஞ்சில் காட்டுவதால் அதே இரண்டு மணி நேரத்துக்கு ஆங்கிலத்தில் காட்டுகிறவரைவிட எனக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும், பிறகு அவர்கள் ஊர் விடுமுறைக் காலமான ஆகஸ்டிலும் நிற்க நேரமிருக்காது. ஆனால் இந்தக் காசு மொழிக்கு மட்டும் வரவில்லை. இந்தச் சுவர் எப்படிப் பூசப்பட்டது, எந்த உத்திரம் பர்மாத் தேக்கு, இரண்டாம் கட்டில் அடுப்புகள் ஏன் இத்தனை, ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஏன் தனி அறை கொடுத்தார்கள், இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதன் மேல் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. நல்ல பிரெஞ்சு தெரிந்த பையன் ஒருவன் வெளியூரிலிருந்து வந்து ஒரு சீசன் பார்த்தான். வீட்டைப் பற்றிக் கேட்டால் போனைப் பார்ப்பான். அடுத்த சீசனுக்கு வரவில்லை. வேலைக்கென்று மொழி படிக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது அதுதான்: முதலில் கையில் ஒரு தொழில் வேண்டும், நர்ஸோ வெல்டரோ சமையலோ கணக்கோ. மொழி அதற்கு மேல்.

இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷே தகராறு, இதுல ஜெர்மன் எப்படிப்பா வரும்?' என் முழுக் கோபமும் இந்தக் கேள்வி மேல்தான். நம் பக்கத்தில் அயல்மொழி வகுப்பைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் நடத்துகிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல் நாளே பின்பெஞ்சுக்குப் போய்விடுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளைக்குத்தான் அது சுலபம். குளிரை ஜெர்மன்காரன் 'மியர் இஸ்ட் கால்ட்' என்பான். மியர் என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிருது. ஆங்கிலத்தில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று தலைகீழாகப் போய், அங்கிருந்து ஜெர்மனுக்குத் திரும்பி வர வேண்டும். தமிழிலிருந்து நேராகப் போனால் ஒரே எட்டு. 'நீ' வேறு 'நீங்கள்' வேறு என்று நம் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? பிரெஞ்சில் 'டூ', 'வூ'. ஜெர்மனில் 'டு', 'ஸீ'. ஆங்கிலவழிக் குழந்தை இதில் தடுமாறுகிறது. நம் பிள்ளைக்கு அது மாமாவோடும் தம்பியோடும் பேசுகிற பழக்கம்.

ஜப்பானிய மொழிக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. 'வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்.' வதாஷி நான், மிஸு தண்ணீர், 'ஓ' நம் 'ஐ' உருபு, நோமிமாஸ் குடிக்கிறேன். நான் தண்ணீரைக் குடிக்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் ரத்த உறவே உண்டு என்று கடைசிவரை வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், பள்ளியில் வேற்றுமை உருபு படித்த பிள்ளைக்கு ஜப்பானிய வாக்கியம் பயம் காட்டாது. எழுத்து பயம் காட்டும். கான்ஜி என்கிற சீன எழுத்துகளை ஒவ்வொன்றாகத்தான் மனசில் ஏற்ற வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை.

நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லாத பால். உயர்திணை அஃறிணை என்று வளர்ந்தவனுக்கு இது சுத்த அநியாயமாகத் தெரியும். இன்னொன்று, நம் எழுத்தில் p, b இரண்டுக்கும் ஒரே 'ப'தான். பிரெஞ்சில் மீனுக்கும் குடிபானத்துக்கும் அந்த ஒரு ஒலிதான் வித்தியாசம், இரண்டையும் தமிழில் எழுதினால் 'புவாஸோன்'தான். குடிக்க ஏதாவது வேண்டுமா என்று சைவக் குழுவிடம் கேட்கப் போய் மீன் வேண்டுமா என்று கேட்டவன் நான். இதையெல்லாம் தமிழிலேயே விளக்கிச் சொல்லித்தருகிற வாத்தியார் வேண்டும். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதில்தான் உங்கள் காசு செலவாக வேண்டும், மண்டபத்துக்கு ஏசி போடுவதில் அல்ல.

என் அக்கா மகள் கதைக்கு வருகிறேன். நர்ஸிங் முடித்த பெண். பக்கத்து டவுனில் ஒரு மையத்தில் 'மூன்று மாதத்தில் பி-2, நான்காவது மாதம் ஜெர்மனி' என்று பலகை. பி-2 என்பது மொழித் தேர்வில் நாலாவது படி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டினார்கள். அக்காவின் இரட்டைவடச் சங்கிலி அதற்குத்தான் போயிற்று. வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது, வாத்தியார் மாறிக்கொண்டே இருந்தார். ஐந்து மாதம் கழித்துத் தேர்வுக்குப் போனால் இரண்டாவது படியான ஏ-2 கூடத் தட்டுத்தடுமாறித்தான். காசைத் திரும்பக் கேட்டால் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

உங்கள் பரம்பரைக்குக் கணக்கு சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கத்துக்குட்டி நிலையான ஏ-1-இல் தொடங்கி பி-2 வரை வர, நாற்பத்தைந்து நிமிட வகுப்பாக 600 முதல் 800 வரை ஆகும் என்று ஜெர்மன் அரசு ஆதரவில் மொழி சொல்லித்தருகிற கதே நிலையமே சொல்கிறது. மணிக்கணக்கில் 450-லிருந்து 600. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு, தீபாவளி பாராமல் நாளுக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் வகுப்பிலேயே உட்கார வேண்டும், வீட்டுப் பாடம் தனி. நான் கேட்கிற மண்டபத்தில் நாளுக்கு இரண்டு மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 45 முதல் 60 வாரம். திருவிழா, தேர்வு, மழை கழித்தால் ஒன்றரை வருஷம். நர்ஸிங் மூன்றாம் வருஷத்தில் சேர்ந்தால் பட்டமும் மொழியும் ஏறக்குறைய ஒன்றாகக் கையில் வரும். இதுதான் ஐந்தொகை. இதைவிடக் குறைத்துச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் கணக்கு தப்பு.

ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவராக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது. எங்களிடம் 'பயிற்சிக் கட்டணம்' என்று பெயரை மாற்றி வாங்கினார்கள். 1978-லிருந்து தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, எங்கள் தெருவில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. உங்கள் மண்டபச் சுவரில் இந்த மூன்று விஷயத்தையும் எழுதி ஒட்டினாலே பாதிச் சங்கிலி தப்பிக்கும்.

அந்தப் பெண் விடவில்லை. சென்னைக்குப் போய், விடுதியில் தங்கி, ஒன்றரை வருஷம் ஒழுங்காகப் படித்து பி-2 வாங்கினாள். இப்போது ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். போன மாதம் பேசும்போது சொன்னாள்: 'மாமா, மொத வாரமே ஒரு தாத்தா "மியர் இஸ்ட் ஷ்லெஷ்ட்"னாரு. ஷ்லெஷ்ட்னா மோசம். மனசு சரியில்லன்னு நெனச்சுத் தோளத் தட்டிக்குடுத்துட்டேன். பாத்தா அவருக்குக் கொமட்டுது. பேசின் எடுக்கறதுக்குள்ள என் யூனிஃபார்ம்ல.' இது அகராதியில் உள்ள மொழி அல்ல, வார்டில் உள்ள மொழி. ஷிஃப்ட் மாறும்போது பத்து நோயாளியின் நிலவரத்தைக் கடகடவென்று ஒப்படைத்துச் சொல்வார்களாம், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்றாள். பி-2 ஏன் கேட்கிறார்கள் என்று அங்கே போன பிறகுதான் புரிந்ததாம். அது வெள்ளைக்காரன் போட்ட தடை இல்லை, அந்தத் தாத்தாவுக்கான பாதுகாப்பு.

எந்த மொழி என்று கேட்பீர்கள். என் மொழி பிரெஞ்சு, ஆனாலும் முதல் மொழியாக ஜெர்மனைத்தான் சொல்வேன். நர்ஸிங்கும் ஐ.டி.ஐ.யும் படித்த பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. 2024 அக்டோபரில், திறன்பெற்ற இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 20,000 என்று இருந்த விசாவை 90,000 வரை உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. இரண்டாவது ஜப்பானியம். 2019-லிருந்து அவர்கள் கொடுக்கும் குறிப்பிட்ட திறன் விசாவுக்கு அடிப்படையாக என்-4 அளவு மொழி கேட்கிறார்கள், அது ஜப்பானிய மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாவது படி. முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகள் உண்டு. அந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. சனிக்கிழமை விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏற்றிவிட்டால் ஞாயிறு எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம். கொரியன் படிக்க வேண்டும் என்று பெண்பிள்ளைகள் துடிக்கிறார்கள், சீரியல் பார்த்துத்தான். இருங்காட்டுக்கோட்டையில் கொரியன் கார் கம்பெனி வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறதே, ஆசை எந்த வாசலில் வந்தால் என்ன, படிக்கட்டும். பிரெஞ்சு ஒரு பத்துப் பிள்ளைக்குப் போதும், வழிகாட்டி வேலைக்கும் விடுதி வேலைக்கும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முழுப் பட்டியலில் ஏறுகிற அன்று வீட்டைக் காட்ட நான் மட்டும் போதமாட்டேன், எனக்கு முழங்கால் வலி வேறு.

போனிலேயே மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்கிறீர்கள். வந்துவிட்டது. மெனு கார்டு படிக்க, மருந்துச் சீட்டு புரிந்துகொள்ள நானே பயன்படுத்துகிறேன். கடிதம் மொழிபெயர்த்துக் கொடுத்து மாதம் நாலாயிரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நின்றே போயிற்று. ஆனால் விசா கேட்கிற சான்றிதழைப் போன் வாங்கித் தராது. குமட்டுகிறவர் போனை எடுக்கும்வரை பொறுக்கமாட்டார்.

தமிழ்த் தாய்க்கே கோயில் கட்டிய காரைக்குடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அயல்மொழி கேட்கிறானே என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களை, அவர் காலத்துக்குப் பிறகு 1994-ல் வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்று சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நம் தெருவில் பழைய பேப்பர் விலைக்குப் போயிருக்க வேண்டியதன் மதிப்பு, தமிழை அயல்மொழியாகப் படித்தவர்களுக்குத் தெரிந்தது. தமிழ்வழியாக ஜெர்மன் சொல்லித்தந்தால் தமிழ் தேயாது. வேற்றுமை உருபு எதற்கு என்று என் அக்கா மகளுக்குப் புரிந்ததே ஜெர்மன் படித்தபோதுதான்.

கடைசியாக ஒன்று, சங்கடமானது. நகரத்தார் பிள்ளைகள் பெரும்பாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். இந்த வகுப்புக்கு வரப்போவது உங்கள் வீட்டுக் காவல்காரர் பிள்ளைகள், சமையற்காரர் பிள்ளைகள், ஆத்தங்குடியில் கல் போடுகிறவர் பிள்ளைகள், ஆசாரி பிள்ளைகள். ஊர்ச் சங்க மண்டபத்தில் இவர்களை உட்காரவைக்கலாமா என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும், எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். கப்பலில் உங்கள் ஐயாவும் என் தாத்தாவும் ஒரே தளத்தில் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு சந்தையில் இரண்டு பேருமே 'பெலௌலே' என்றுதான் கேட்டார்கள்.

சீசன் இல்லாத ஏப்ரல் முதல் ஜூன் வரை செவ்வாயும் வெள்ளியும் நானே பிரெஞ்சு சொல்லித்தருகிறேன், சம்பளம் வேண்டாம். அக்கா மகள் மாதம் இரண்டு ஞாயிறு வீடியோவில் வந்து வார்டு ஜெர்மன் பேசிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள், அங்கே ஷிஃப்ட் எப்படி விழுகிறதோ அதைப் பொறுத்து. இருபத்திரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் பதினாறு பெண்கள். அதனால் எட்டு மணிக்கு மேல் வகுப்பு நீளக் கூடாது, கடைசி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். எங்கள் தெருக்கோடி மண்டபத்துக்கு மூன்று பங்காளியிடம் மூன்று சாவி இருப்பதாக அப்பா சொல்வார். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அடையாறில். மூன்றாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், நான் போய் வாங்கிக்கொள்கிறேன். கூட்டிப் பெருக்கும் வேலையும் என்னுடையது.

இப்படிக்கு,
கானாடுகாத்தானில் வீடு காட்டுகிறவன்